நான்காம் மாடிப் பின்கதவு

குளியலறைக் கதவு சுட்டது.

கை பொசுங்குகிற சூடு அல்ல. இஸ்திரி போட்டு மடித்து வைத்த சட்டையைக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் ஒரு கதகதப்பு இருக்குமே, அது. விடிந்தும் விடியாத நேரம், ஜன்னல் கண்ணாடியில் இன்னும் வெயில் விழவில்லை, உள்ளே யாரும் இல்லை, வெந்நீர் போட்டவரும் இல்லை, குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் தன் பாட்டுக்கு வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவர் வலது புறங்கையைக் கதவிலிருந்து எடுத்தார். இடது கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. மறுபடி வலது கை. சூடு.

"என்னங்க, கதவுக்குக் காய்ச்சலா?" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"இங்க வந்து இதைத் தொட்டுப் பாரேன்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவில் உள்ளங்கையை வைத்தாள், பிறகு அதே கையை அவர் நெற்றியில் வைத்தாள். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. போய்க் குளிங்க."

அவர் குளித்தார். ஆனால் கதவைச் சாத்தாமல் குளித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததில்லை என்பதை மனைவி கவனித்தாள்.

நகராட்சியின் தீத்தடுப்புப் பிரிவில் அவர் இருபத்தொன்பது வருஷமாக ஆய்வாளர். ஆபீஸில் அவருக்குப் பேர் 'புறங்கை'. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, "மூடின கதவை உடனே திறக்கக் கூடாது, முதல்ல புறங்கையை வச்சுப் பாக்கணும், சூடா இருந்தா அந்தப் பக்கம் நெருப்பு, திறக்கவே கூடாது" என்று சொல்லிக் கொடுத்ததில் அந்தப் பழக்கம் அவருக்கே தொற்றிக்கொண்டது. வீட்டில், ஆபீஸில், கல்யாண மண்டபத்தில், பல் டாக்டரின் அறையில், எந்தக் கதவானாலும் முதலில் புறங்கை. ஒருமுறை குளிர்பெட்டியைக்கூட அப்படித் தொட்டுப் பார்த்துவிட்டுத் திறந்தார். மகள் அதை நடித்துக் காட்டி வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் சிரிக்க வைப்பாள்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு கதவைத்தான் தொடவில்லை.

அது ஒரு தையல் கம்பெனி. நான்கு மாடி. வருஷத்துக்கு ஒரு தடவை ஆய்வு. ஆய்வுப் படிவத்தில் இரண்டு கேள்விகள் உண்டு: பின்படிக்கட்டில் படிகள் எத்தனை, நான்காம் மாடிக் கதவு திறக்கிறதா. படிகளை எண்ணச் சொன்னால் ஆட்கள் ஏறித்தானே ஆகவேண்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு புத்திசாலி அதிகாரி சேர்த்த கேள்வி அது. அந்த அதிகாரிக்குத் தெரியாதது, போன வருஷத்துப் படிவம் அதே ஃபைலில்தான் இருக்கும் என்பது. எழுபத்திரண்டு. அதற்கு முந்தின வருஷம் எழுபத்திரண்டு. பதினொரு வருஷமாக எழுபத்திரண்டு. முதலில் எண்ணியவர் யார், எண்ணினாரா என்பதே யாருக்கும் தெரியாது. தரைத்தளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே இருப்பதைப் பழைய படிவத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கு ஆபீஸில் 'அண்ணாந்து பார்க்கிறது' என்று பெயர். எல்லாரும் செய்வதுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள்.

அன்றைக்கு மத்தியானம் அவருக்கு முட்டி வலி. பின்படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். இருட்டாக, கழிவு நூல் நெடியோடு படிக்கட்டு சுற்றிச் சுற்றி மேலே போனது. எங்கோ உச்சியில் ஏதோ தட்டுகிற சத்தம். டப். டப். டப்.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"மிஷின் சார்" என்றான் காவலாளி.

"மேல எல்லாம் சரிதானே?"

"எல்லாம் சரி சார்."

ஃபைலைத் தூணில் சாய்த்து வைத்து, எழுபத்திரண்டு என்று எழுதி, கதவு திறக்கிறது என்ற இடத்தில் டிக் போட்டார். பேனா மக்கர் பண்ணியது. இரண்டாவது தடவை அழுத்திப் போட வேண்டியிருந்தது. பிறகு எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனார்.

நாற்பத்தொரு நாள் கழித்து அந்தக் கட்டடம் எரிந்தது. நான்காம் மாடியில் இருந்த ஒன்பது பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். ஒன்பது பேரையும் கதவுக்குப் பக்கத்தில்தான் எடுத்தார்கள். கதவு என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. சுவர்கள் விழுந்துவிடும் என்று மறு மாதமே மொத்தத்தையும் இடித்துத் தள்ளினார்கள்.

நகராட்சியின் சட்டப்பிரிவில் ஒரு அம்மா இருந்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் நகராட்சி மேல் போட்ட வழக்கை அவர்தான் பார்த்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற பொறுமையோடு பேசுவார்.

"நீங்க போய்ப் பாத்து, குறையைக் கவனிக்காம விட்டிருந்தா, அது கணிப்புல வந்த பிழை. அதுக்குச் சட்டம் நகராட்சியைப் பிடிக்காது. ஆனா போகாமலே போனேன்னு எழுதியிருந்தா மொத்தமும் நம்ம தலையில விடியும். உங்க மேல கேஸ் தனியா வரும், உள்ள போக வேண்டியிருக்கும். புரியுதா?"

"புரியுதும்மா."

"அதனால நான் உங்ககிட்ட போனீங்களான்னு கேக்கவே மாட்டேன். நீங்க போனீங்க. ஏறினீங்க. கதவைத் தொட்டீங்க. தள்ளினீங்க. திறந்துச்சு. அதுக்கப்புறம் அந்த முதலாளி என்ன பண்ணினாரோ, அது அவர் பாடு." கட்டடத்தின் பழைய வரைபடத்தை மேஜையில் விரித்தார். "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. மனசுக்குள்ள ஏறிப் பாருங்க. நூறு தடவை ஏறினா ஏறின மாதிரியேதான்."

ஓய்வு பெறப் பதினாலு மாதம் இருந்தது. அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது வெறும் நிம்மதி, வேறு ஒன்றும் இல்லை. அதை நினைத்துப் பிற்பாடு வெட்கப்பட்டார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். பொத்தான் தைக்கிற பிரிவில் இருந்த பெண்ணின் கணவர். வழக்கு ஆரம்பித்த நாள் முதல் தினமும் வருவார், கத்தமாட்டார், அழமாட்டார், சிப்பந்திகள் அவரைப் 'பெஞ்சுக்காரர்' என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். அன்று அவர் எழுந்து வந்தார்.

"சார், ஒரே ஒரு விஷயம். அந்தக் கதவு எந்தப் பக்கமா திறக்கும்?"

ஆய்வாளர் கையிலிருந்த வரைபடத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது. வரைபடத்தில் அந்த இடம் கசங்கி, மை அழிந்து போயிருந்தது.

"எல்லாம் கோர்ட்டுல சொல்லுவேங்க."

"மேல போனவங்களுக்குத் தெரியும் சார்" என்றார் பெஞ்சுக்காரர், மரியாதையாகவே. போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஆய்வாளர் வீட்டில் மனசுக்குள் ஏறத் தொடங்கினார். சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார், வரைபடத்தில் பார்த்த மாதிரி திருப்பத்துக்குத் திருப்பம், படிக்குப் படி எண்ணிக்கொண்டு மேலே போவார். முதல் இரண்டு நாள் அது வெறும் கோடுகளாக இருந்தது. மூன்றாம் நாள் இரண்டாவது திருப்பத்தில் ஒரு படியின் விளிம்பு உடைந்திருந்தது. அதை அவர் நினைக்கவில்லை, அதுவாகவே உடைந்திருந்தது. மறுநாள் சுவரோரம் வெட்டுத்துணிக் குவியல், அதன் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன டிபன் டப்பா, கைப்பிடிக் கம்பியில் பிசுபிசுப்பு. பொய் சொல்வதில் தனக்கு இத்தனை கெட்டிக்காரத்தனம் இருக்கிறதா என்று அவருக்கே ஆச்சரியமாகவும், சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒன்றுதான் இடித்தது. எத்தனை தடவை எண்ணினாலும் எழுபத்தொன்றில் கதவு வந்துவிடும். ஒரு படி குறையும். சாம்பல் நிறக் கதவு, மூடிய கதவு. அதன் முன்னால் நின்று அவர் வலது புறங்கையை வைப்பார். சூடாக இருக்கும். அங்கே கண்ணைத் திறந்துவிடுவார். திறந்த பிறகும் ஒரு வாடை கொஞ்ச நேரம் அறையில் நிற்கும்: இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே மறந்து வைத்துவிட்டால் வரும் வாடை.

இப்போது வீட்டுக் கதவுகள் எல்லாமே சுட்டன. படுக்கையறை, அலமாரி, வாசல். வலது கைக்கு மட்டும்.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் சாயங்காலம் மனைவி எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே எதிர்க்கட்சி வக்கீலாக நடித்தாள். "சொல்லுங்க ஐயா, அன்னிக்கு எத்தனை மணிக்கு ஏறினீங்க? முட்டி வலியோட ஏறினீங்களா, முட்டியைக் கழட்டி வச்சுட்டு ஏறினீங்களா?" அவர் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு சிரித்தார். உடைந்த படியைச் சொன்னார், டிபன் டப்பாவைச் சொன்னார். அவள் கை மெல்ல மெல்ல நின்றது.

"இவ்ளோ ஞாபகம் இருக்கா?" என்றாள். பிறகு நடிப்பை விட்டுவிட்டு, "நீங்க நெஜமாவே ஏறினீங்கதானே?"

அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அவள் என்ன, கொன்றா போட்டிருப்பாள்? திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், விடிந்ததும் கூடவே வந்து நின்றிருப்பாள். அவருக்கும் அது தெரியும்.

"ஏறினேன்" என்றார்.

வலது கை சுரீரென்றது. மேஜைக்கு அடியில் அதை இடது கையால் பொத்திக்கொண்டார்.

மறுநாள் நீதிமன்றம் பகல் வெளிச்சத்தில் சாதாரணமாகத்தான் இருந்தது. மின்விசிறி கடகடத்தது, பழுப்பேறிய காகிதங்கள் பறக்காமல் இருக்க மேலே கற்கள் வைத்திருந்தார்கள், பின்வரிசையில் ஒன்பது குடும்பங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. சட்டப்பிரிவு அம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கூண்டில் ஏறி நின்று, சொல்வதெல்லாம் உண்மை என்று சொன்னார்.

குடும்பங்களின் வக்கீல் ஒல்லியான, கொஞ்சம் மூச்சிரைக்கிற மனிதர். நேரம் கேட்டார், தேதி கேட்டார், படி எத்தனை என்று கேட்டார். எழுபத்திரண்டு என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

மின்விசிறி ஓடியது. சட்டப்பிரிவு அம்மாவின் பேனா நின்றது. தெரியாது என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்த வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. அவர் கண்ணை மூடினார். உடைந்த படி. டிபன் டப்பா. எழுபது. எழுபத்தொன்று. புறங்கை. சூடு. இந்தத் தடவை அவர் கண்ணைத் திறக்கவில்லை. தள்ளினார்.

"உள்பக்கமா" என்றார். "நான் படிக்கட்டுல இருந்து தள்ளினேன். ரூமுக்குள்ள திறந்துச்சு. உள்ள இருக்கிறவங்க வெளிய வரணும்னா தன் பக்கமா இழுக்கணும்."

"எப்படி இழுப்பாங்க? கைப்பிடி எப்படி இருந்துச்சு?"

"நான் உள்ள போய்க் கதவைச் சாத்திப் பாத்தேன். உள்பக்கம் கைப்பிடி இல்லை, கழண்டு போச்சு. அந்த ஓட்டையில ஒரு துணிநாடாவை முடிஞ்சு விட்டிருந்தாங்க. மஞ்சள் துணி. ஓரத்துல வெள்ளைப் பொத்தான் ஒண்ணு தச்சிருந்துச்சு, கை வழுக்காம இருக்க."

பின்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. பெஞ்சுக்காரர் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அது அவ கட்டினது" என்றார் யாரிடமோ. "வீட்டுல எங்கிட்ட சொன்னா. வேற யாருக்கும் தெரியாது. இவர் போயிருக்காரு. இவர் உள்ள போயிருக்காரு..."

அவ்வளவுதான், வழக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஆய்வாளர் போயிருக்கிறார், பார்த்திருக்கிறார், உள்ளே திறக்கிற கதவு ஆபத்து என்று அவருக்குத் தோன்றவில்லை: கணிப்பில் வந்த பிழை. சட்டம் பிடிக்காது. சட்டப்பிரிவு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், முகத்தில் ஒரு மலர்ச்சி. நீதிபதி ஏதோ சொன்னார், நாற்காலிகள் உரசின, ஆட்கள் வெளியே போகிற காலடிகள் கேட்டன. பெஞ்சுக்காரர் மட்டும் அவர் முன்னால் வந்து நின்று, கைகூப்பி, "மன்னிச்சிருங்க சார், நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்" என்றார்.

அவருக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. சொல்லிவிடலாம், இப்போதுகூட ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அந்தத் துணிநாடாவை எனக்கு யார் காட்டினார்கள் என்று எப்படிச் சொல்வது? கூண்டைப் பிடித்தபடி நின்றார். நிமிர்ந்தபோது கூடம் காலியாகியிருந்தது.

அப்போதுதான் எண்ணிக்கை நினைவுக்கு வந்தது. கதவைத் தள்ளி உள்ளே ஓரடி எடுத்து வைத்தாரே. அந்த வாசல்கட்டைதான் எழுபத்திரண்டாவது படி.

வெளியே போகவேண்டும், மனைவிக்குப் போன் பண்ணவேண்டும், யாராவது ஒரு மனுஷக்குரலைக் கேட்கவேண்டும் என்று தோன்ற, அவர் பக்கவாட்டுக் கதவை நோக்கி வேகமாக நடந்தார். பழக்கம் விடுமா. புறங்கையை வைத்தார்.

கொதித்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இடது கையை வைத்தார். அதுவும் கொதித்தது. கதவு சாம்பல் நிறமாக இருந்தது. வரும்போது இது மரக்கதவாக அல்லவா இருந்தது? கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. ஓட்டையில் மஞ்சள் நாடா. வெள்ளைப் பொத்தான்.

முதுகுக்குப் பின்னால் மின்விசிறியின் கடகடப்பு நின்றிருந்தது. வேறு ஒரு சத்தம். பல தையல் மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்கிற சத்தம்.

கடைசி மிஷினும் ஓய்ந்தது.

துணி கருகும் வாடை. தொண்டையில் இறங்கியது. கண்ணில் நீர். அவர் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. நாடாவைப் பிடித்தார். இழுத்தார். கதவு ஒரு விரற்கடை அசைந்தது. மறுபடி இழுத்தார்.

நாடா கையோடு வந்துவிட்டது.

அவர் தட்டினார். முஷ்டியால் தட்டினார். டப். டப். டப்.

வெகு கீழே, படிக்கட்டின் அடியிலிருந்து, ஒரு குரல் மேலே வந்தது. சலிப்பான குரல். முட்டி வலிக்காரரின் குரல்.

"அது என்ன சத்தம்?"

"மிஷின் சார்."

"இல்ல!" என்று கத்தினார். இருமல் வந்தது. "நான் இங்க இருக்கேன்! மேல வா! ஏறி வாய்யா!"

"மேல எல்லாம் சரிதானே?"

"எல்லாம் சரி சார்."

டப். டப். டப்.

கீழே ஒரு பேனா காகிதத்தில் கீறியது. மை விழவில்லை. மறுபடி, அழுத்தி. பிறகு காலடிகள். எதிர்க்கடைப் பக்கமாக. அவசரமே இல்லாமல்.

அவர் நெற்றியைக் கதவில் சாய்த்தார். அதன் சூடுகூட இப்போது உறைக்கவில்லை.

முதுகில் ஏதோ பட்டது.

ஒரு கை. உள்ளங்கை அல்ல, புறங்கை. பிள்ளைகளுக்கு அவர் சொல்லித் தந்த மாதிரியே, மெதுவாக, விரல்களை மடக்கி. தோள்பட்டைக்குக் கீழே இன்னொன்று. இடுப்பில் ஒன்று. நான்கு. ஐந்து. அவர் எண்ணினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காக எண்ணினார். ஏழு. எட்டு.

ஒன்பது.

பிறகு ஒன்பது பேரும் தள்ளத் தொடங்கினார்கள்.